வலி சொல்லும் சேதி

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை. மேடையில் பேசியதைப் பெரும்பாலும் அப்படியே எழுதித் தந்திருக்கிறேன். நேரம் கருதி அன்று விட்டுவிட்ட சிலவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



நான் இந்தக் கல்லூரியில் படித்தது ஒரே ஓர் ஆண்டுதான். 1975-இல் பி.யு.சி. சேர்ந்தேன். அடுத்த ஆண்டு மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டேன். அந்த ஓர் ஆண்டை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக முன்னாள் மாணவன் என்று சொல்லி மதியச் சாப்பாடு சாப்பிட்டு வருகிறேன். இந்த ஆண்டுதான் செயலாளர் பிடித்துக்கொண்டார். "டாக்டர், சாப்பிட்டது போதும், பேசவும் வேண்டும்" என்றார்.

காலையில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எல்லோரும் எழுந்து நின்றோம் அல்லவா? நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் காது பாட்டில் இருந்தது, கண் உங்கள் மேல் இருந்தது. நாற்பது வருஷம் எலும்பு மூட்டு மருத்துவனாக இருந்தவனுடைய பழக்கம் அது. மாணவர்கள் எல்லோரும் ஸ்பிரிங் மாதிரி எழுந்தார்கள். எங்கள் செட்டு? ஒருத்தர் முன் நாற்காலியைப் பிடித்தார். ஒருத்தர் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றினார். ஒருத்தர் "முருகா" என்றார். முன்வரிசை நண்பர் ஒருவர் மற்றவர்கள் எழுந்து முடிக்கிற நேரத்தில்தான் எழும்பவே தொடங்கினார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்று மதியம் அவர் பக்கத்தில்தான் எனக்கு இலை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நான் இன்று பேச வந்தது அந்த எழுந்திருத்தலைப் பற்றித்தான். இடுப்பு வலி, முழங்கால் வலி, கழுத்து வலி, தோள் வலி. நம் வயதில் இரண்டு பேர் சந்தித்தால், பேரன் பேத்தி பற்றிப் பேசி முடித்தவுடன் வந்து நிற்கிற அடுத்த விஷயம் இதுதானே?

வலி என்பது என்ன? இரவில் தெருவில் விசில் ஊதிக்கொண்டு போகிற கூர்க்காவை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெடுகிறது என்று சிலர் அவன் விசிலைப் பிடுங்கிவிடுகிறார்கள். வலி வந்ததும் மாத்திரை போட்டு, வாயை அடைக்கிறவர்கள் இவர்கள். வேறு சிலர் விசில் சத்தம் கேட்டதும் கதவைப் பூட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுத்துவிடுகிறார்கள். வலி வந்ததும் "இனி நம்மால் ஆகாது" என்று அசையாமல் முடங்குகிறவர்கள் இவர்கள். எழுந்து லைட்டைப் போட்டு, "என்னப்பா விஷயம்?" என்று கேட்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்.

விசிலைப் பிடுங்கிய ஒருவனின் கதையை முதலில் சொல்கிறேன். அவன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் செட்டில் எல்லோருக்கும் தெரியும். பி.யு.சி.யில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். பிறகு இங்கேயே பி.எஸ்ஸி. வேதியியல் படித்தான். கல்லூரிக் கால்பந்து அணியின் கோல் கீப்பர். பந்து எந்த மூலைக்கு வந்தாலும் பாய்ந்து விழுந்து பிடிப்பான். விழுந்த வேகத்தில் எழுந்து நிற்பான். அப்புறம் வங்கி வேலை. கவுண்டரில் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்றால் உட்கார்ந்தேவிட்டான். மைதானம் போயிற்று, சைக்கிள் போயிற்று, ஸ்கூட்டர் வந்தது, தொப்பை வந்தது.

2003-இல், 45 வயதில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தான். "ஏலே, ரெண்டு நாளா குனிய முடியல, நிமிர முடியல. நல்ல மாத்திரையா ஒண்ணு எழுதிக் குடுலே" என்றான். பரிசோதித்தேன். சதைப் பிடிப்புதான், பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வலி மாத்திரை எழுதி, பக்கத்தில் 5 நாள் என்று போட்டேன். சீட்டின் கீழே நாலு உடற்பயிற்சி எழுதினேன். எடையைக் குறை, பிரஷர், சுகர் பார், இரண்டு வாரம் கழித்து வா என்றேன். அவன் வரவில்லை. வராதது நல்ல சேதி என்று நானும் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாண வீடுகளில் பார்த்தோம். பார்க்கும்போதெல்லாம் தோளைத் தட்டி, "டாக்டரே, உன் மாத்திரையிலதாம்லே வண்டி ஓடுது" என்பான். நான் சிரிப்பேன். பக்கத்தில் இருப்பவர்களிடம் "நம்ம டாக்டர் கைராசிக்காரன்" என்று வேறு சொல்வான். எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும். அவன் சொன்ன சொல்லை நான் ஒரு தடவைகூடக் காதில் வாங்கி யோசிக்கவில்லை.

2014-இல் ஒரு வளைகாப்பு வீடு. அவன் செருப்பைக் கழற்றும்போது பார்த்தேன். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் பள்ளமாக இருந்தது. கண்ணுக்குக் கீழேயும் வீக்கம். "என்னலே மாத்திரை சாப்பிடுதே?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பர்ஸை எடுத்தான். உள்ளே நான் 2003-இல் எழுதிய சீட்டு. கசங்கிவிடக் கூடாது என்று லேமினேட் செய்து வைத்திருந்தான்! மெடிக்கல் ஷாப்பில் அதைக் காட்டிக் காட்டி 11 வருஷமாக வாங்கியிருக்கிறான். 5 நாள் என்று எழுதியது பிளாஸ்டிக்குக்கு அடியில் பளிச்சென்று தெரிந்தது. உடற்பயிற்சி எழுதியிருந்த கீழ்ப் பாதியை மட்டும் மடக்கி, உள்ளே தள்ளி லேமினேட் பண்ணியிருந்தான்.

மறுநாளே ரத்தப் பரிசோதனை செய்தோம். கிரியாட்டினின் எங்கேயோ போய் நின்றது. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பல வருஷமாகக் கவனிக்கப்படாமல் இருந்திருக்கின்றன. சிறுநீரக மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: கொதிப்பு, சர்க்கரை, வலி மாத்திரை மூன்றும் கூட்டுச் சேர்ந்து செய்த வேலை இது. 2015-இலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். 2019-இல் போய்விட்டான். கடைசி வரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்று காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது, அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அடுத்தவர் பெயர் ஏறியிருந்ததைப் பார்த்தேன்.

ஆகவே நண்பர்களே, இதை டாக்டர் சொல்கிற அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தப்புப் பண்ணின ஒருவன் சொல்கிற எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த மாத்திரைகளைப் பற்றி. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக் போன்றவை நல்ல மருந்துகள்தான். நானே இன்றும் எழுதுகிறேன். ஆனால் அவை என்ன செய்கின்றன? உடம்பில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குகிற ஒரு ரசாயனத்தைத் தடுக்கின்றன. அதே ரசாயனக் குடும்பம்தான் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாகாமல் காக்கிறது. சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகிற குழாய்களைத் திறந்து வைப்பதும் அதுதான். கெட்டதைத் தடுக்கும்போது நல்லதும் சேர்ந்து நின்றுவிடுகிறது. சில நாட்களுக்கு, ஆரோக்கியமான உடம்பு அதைத் தாங்கும். வருஷக் கணக்கில் தாங்காது. பிரஷர் மாத்திரையும் நீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள், அதோடு வலி மாத்திரையும் சேர்த்தால் ஆபத்து இன்னும் அதிகம். வெயிலில் வேலை பார்த்து, தண்ணீர் குடிக்காமல், வெறும் வயிற்றில் போட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்த மருந்தின் வேகத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நாம் சின்ன வயதில் பார்த்த பிணந்தின்னிக் கழுகுகள், பாறு என்று சொல்வோமே, எங்கே போயின? 1990-களில் நாடு முழுவதும் லட்சக்கணக்கில் செத்து விழுந்தன. மூன்று இனங்களில் நூற்றுக்கு 95-க்கும் மேல் அழிந்தன. என்ன நோய் என்றே முதலில் தெரியவில்லை. காரணத்தை 2004-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக்! அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. 2006-இல் இந்திய அரசு மாடுகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. இன்று நம் மாநிலத்தில் பாறு பார்க்க வேண்டுமென்றால் மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். மனிதன் கழுகு அளவுக்கு இளகியவன் அல்ல, உண்மை. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் போய், "ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று காகிதத்தில் மடித்து வாங்கி விழுங்கும்போது, அந்தக் கழுகை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அதில் என்னென்ன மருந்து இருக்கிறது என்று வாங்குகிற உங்களுக்கும் தெரியாது, நாளைக்கு உங்களைப் பார்க்கப்போகிற டாக்டருக்கும் தெரியாது.

சரி, விசிலைப் பிடுங்கியவன் கதை முடிந்தது. இனி கட்டிலுக்கு அடியில் படுத்தவர்கள்.

எங்கள் காலத்தில் மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கே என்ன சொல்லித் தந்தார்கள் தெரியுமா? இடுப்பு வலியா, பலகைக் கட்டிலில் மூன்று வாரம் படுக்க வை! நானும் ஆரம்பத்தில் நூற்றுக்கணக்கான பேரைப் படுக்க வைத்திருக்கிறேன். 1995-இல் பின்லாந்தில் ஓர் ஆராய்ச்சி வந்தது. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களில் திடீர் இடுப்பு வலி வந்த 186 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் முழுப் படுக்கை ஓய்வு. ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாம் பிரிவிடம், "வலி அனுமதிக்கிற வரை உங்கள் அன்றாட வேலையைப் பாருங்கள்" என்றார்கள். சீக்கிரம் குணமானவர்கள் இந்த மூன்றாம் பிரிவினர்தான். மிகவும் தாமதமாகக் குணமானவர்கள் படுத்தவர்கள்! நம் பாட்டிகள், "சும்மா கெடக்காத, எந்திரிச்சு நடமாடு" என்று விரட்டுவார்களே, அதுதான் சரியாகப் போயிற்று.

ஏன் அப்படி? நம் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி 23 வட்டுகள் இருக்கின்றன. "ஜவ்வு விலகிட்டு" என்று சொல்கிறோமே, அந்த ஜவ்வு. வளர்ந்த மனிதனில் இதற்கு நேரடி ரத்த ஓட்டம் அநேகமாகக் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறிவருகிற சத்தில்தான் அது பிழைக்கிறது. நடக்கும்போதும் அசையும்போதும் அது அழுந்தி விரிகிறது. அழுத்தி விட்ட ஸ்பாஞ்சு தண்ணீரை இழுப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் ஒரே மாதிரி உட்கார்ந்தால் அந்த வேலை நடக்காது. அதனால்தான் சொல்கிறேன், உடம்பு தேய்ந்துவிடும் என்று பயந்து அசையாமல் இருப்பவர்களுக்குத்தான் உடம்பு சீக்கிரம் கெடுகிறது.

உட்காருவதைப் பற்றி ஒரே ஒரு விதி. எப்படி உட்காருகிறோம் என்பதைவிட, எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்காருகிறோம் என்பதுதான் முக்கியம். அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள். ஒரு நிமிஷம் போதும். போன் வந்தால் நின்று பேசுங்கள். டி.வி.யில் விளம்பரம் வந்தால் எழுந்து அடுக்களை வரை போய் வாருங்கள். பலகாரம் எடுக்க அல்ல, தண்ணீர் குடிக்க!

பாரம் தூக்குவது அடுத்தது. வீட்டு கேஸ் சிலிண்டரில் இருக்கும் எரிவாயு 14.2 கிலோ. இரும்பின் எடையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. அதை இடுப்பிலிருந்து குனிந்து, கையை நீட்டித் தூக்கி, அப்படியே பக்கவாட்டில் திருப்பி வைக்கிறோம். இடுப்பைப் பழி வாங்க இதைவிட நல்ல வழி கிடையாது. பாரத்தை உடம்போடு ஒட்டி வையுங்கள். முழங்காலை மடக்கி இறங்குங்கள். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பைத் திருகாமல் பாதத்தை நகர்த்துங்கள். இதில் எதுவுமே வேண்டாம் என்றால், சிலிண்டரைச் சாய்த்து உருட்டுங்கள். கௌரவம் ஒன்றும் குறையாது.

இப்போது முழங்கால். அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, உடம்பில் ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலின் சுமை 4 கிலோ குறைகிறது என்று காட்டியது. 5 கிலோ குறைத்தால் அடிக்கு 20 கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம்? கணக்கு வாத்தியார்கள் இருக்கிறீர்கள், பெருக்கிக்கொள்ளுங்கள். வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதில் பாதிக்கு மேல் மருந்தே வராது, சாப்பாட்டு அளவுதான் வரும். தமிழ் ஐயா வகுப்பில் அதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோம். பந்தியில் மறந்துவிட்டோம்.

எடையோடு சேர்ந்தது தசை. முழங்காலைத் தாங்குவது எலும்பு மட்டும் அல்ல, தொடைத் தசை. "இந்த வயசுக்கு மேல என்ன எக்ஸர்சைஸ் டாக்டர்?" என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது 1990-இல் பாஸ்டனில் நடந்த ஆய்வை. முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேர், வயது 86 முதல் 96 வரை. எட்டு வாரம் காலுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. கைத்தடியோடு நடந்த இரண்டு பேர் தடியைப் போட்டுவிட்டார்கள். 90 வயதில் முடியும் என்றால் 60 வயதுப் பையன்களான நமக்கு என்ன?

2003-இல் நான் சீட்டின் கீழ்ப் பாதியில் எழுதிய அந்த நாலு பயிற்சியை இப்போது சொல்கிறேன். இந்த முறை யாரும் மடக்கிவிட வேண்டாம்.

ஒன்று. உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்காருங்கள். கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். முடிகிற அளவில் தொடங்கி, 10 முறை வரை. முடியாவிட்டால் முதலில் கையை ஊன்றுங்கள்.

இரண்டு. உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டித் தொடையை இறுக்கி 5 எண்ணும் வரை வைத்திருந்து இறக்குங்கள். பிறகு அடுத்த கால்.

மூன்று. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றி, இடுப்பை மட்டும் மெல்ல உயர்த்தி இறக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

நான்கு. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பழகிய பின், பிடித்தபடியே ஒற்றைக் காலில் 10 எண்ணுங்கள். வயதானவர்கள் கீழே விழாமல் இருக்க இதுதான் காப்பு.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஐந்தாவதாக ஒன்று. தோள் இறுகிப்போய்ச் சட்டை மாட்ட முடியாமல், சடை பின்ன முடியாமல் கஷ்டப்படுவது அவர்களுக்குத்தான் அதிகம். தினமும் சுவரைப் பார்த்து நின்று, விரலால் சுவரில் ஏணி ஏறுவதைப் போல ஏறி இறங்குங்கள். சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள்.

மொத்தம் பத்து நிமிஷம். கொஞ்சம் இழுக்கிற மாதிரி, களைப்பாக இருக்கிற மாதிரி இருந்தால் சரி. சுருக்கென்று குத்தினால் நிறுத்துங்கள். இதோடு நடை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. ஒரு நாளைக்கு அரை மணி என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும்.

சகோதரிகளே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பின் உறுதி வேகமாகக் குறைகிறது. "எனக்கென்ன, வீட்டு வேலையே எக்ஸர்சைஸ்தானே" என்று இருந்துவிடாதீர்கள். வீட்டு வேலை பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்பதும் குனிவதும்தான். நடையும் தசைப் பயிற்சியும் வேறு. கொஞ்சம் வெயிலில் நில்லுங்கள். கேழ்வரகு, எள், மீன், பால், கீரை சாப்பிடுங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது தியாகமாக இருக்கலாம். எலும்புக்கு அது தெரியாது.

மாணவச் செல்வங்களே, தூங்கிவிட்டீர்களா? உங்கள் தலை சுமார் 5 கிலோ. நேராக இருந்தால் முதுகெலும்பு அதை அழகாகத் தாங்கும். செல்போனைப் பார்க்கக் குனியக் குனிய, கழுத்துத் தசைதான் அந்தப் பாரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். போனைக் கண்ணுக்கு நேரே தூக்குங்கள். கண் போனுக்கு இறங்க வேண்டாம். இன்னொன்று, எலும்பில் சேமிப்புக் கணக்கு சுமார் 30 வயது வரைதான். அதற்குப் பிறகு எடுப்புதான், போடுவது கஷ்டம். இந்த வயதில் ஓடி ஆடினால் அது வட்டியோடு திரும்பி வரும்.

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் ஒரு வேடிக்கையான கணக்கு எடுத்தார். மாடி பஸ்ஸில் உட்கார்ந்தே ஓட்டுகிற டிரைவர்கள், நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர்கள். ஒரே பஸ், ஒரே ஊர். ஆனால் மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. நாம் எல்லோரும் படித்து முன்னுக்கு வந்து டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்துவிட்டோம். ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரமாவது கண்டக்டராக இருங்கள்.

இவ்வளவும் சாதாரண வலிக்கு. சாதாரணம் அல்லாத வலியும் உண்டு. அதில் உடற்பயிற்சி செய்துகொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் அடைத்துக்கொண்டாலோ அடங்காமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்து தடுக்கினாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரியில் படுத்தாலும் விடாத வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வரும் புது வலி, வயதானவர் விழுந்தபின் வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. தோள், இடது கை, தாடை வலியோடு வேர்வையும் மூச்சுத் திணறலும் இருந்தால் அது மூட்டு அல்ல, இதயமாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

முடிக்கப் போகிறேன். பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 51 முதல் 80 வயது வரை 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். மொத்தம் 10 மதிப்பெண். கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஊன்றுதலுக்கு ஒரு மதிப்பெண் குறையும். அடுத்த சில ஆண்டுகளில், மதிப்பெண் மிகக் குறைவாக எடுத்தவர்களிடையே மரணம் பல மடங்கு அதிகமாக இருந்தது. தரையில் உட்காருவதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கால் வலிமை, இடுப்பின் நெகிழ்வு, உடல் சமநிலை, எடை எல்லாவற்றுக்கும் சேர்த்து அது ஒரு பரீட்சை, அவ்வளவுதான். நாம் பந்திக்குப் பந்தி எழுதிய பரீட்சை அது. மேஜை நாற்காலி வந்ததும் பரீட்சையை ரத்து செய்துவிட்டோம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள், மூட்டு மாற்று செய்தவர்கள் முயற்சி செய்ய வேண்டாம். மற்றவர்கள் பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு வீட்டில் செய்து பாருங்கள். இன்று எத்தனை மார்க், ஆறு மாதம் கழித்து எத்தனை மார்க் என்று எழுதி வையுங்கள்.

அவன் போன பிறகு நான் சீட்டு எழுதுகிற முறையை மாற்றிக்கொண்டேன். இப்போது மேல் வரியில் பயிற்சி. கடைசி வரியில்தான் மாத்திரை. அதன் பக்கத்தில் இத்தனை நாள் என்று எழுதுவதில்லை. நிறுத்த வேண்டிய தேதியைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். "எதுக்கு டாக்டர் சிவப்பு?" என்று கேட்பவர்களிடம் அவன் கதையைச் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று மதியம் இலை போட்டதும், பக்கத்தில் இருக்கும் நண்பனிடம், "ஏலே, என்னென்ன மாத்திரை சாப்பிடுதே? யார் எழுதிக் குடுத்தா? எப்ப எழுதிக் குடுத்தா?" என்று கேளுங்கள். அவன் சிரித்து மழுப்புவான். விடாதீர்கள். பர்ஸைக் காட்டச் சொல்லுங்கள். வலி மாத்திரை ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தால், இந்த வாரமே பிரஷர், சுகர், சிறுநீர், கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். நான் கேட்க வேண்டிய கேள்வியைப் பதினோரு வருஷம் தாமதமாகக் கேட்டேன். நீங்கள் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

அடுத்த ஆண்டு சந்திப்பில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழும்போது, முன் நாற்காலியைப் பிடிக்காமல் எல்லோரும் எழ வேண்டும். நான் மேடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.